தீ மூட்டாத உலைக்களம்

காதுக்குக் கேளாத ஒலியினால் உலோகத்தை அடுக்கிக் கட்டும் புதுத் தொழில்

தட்டார் பட்டறைத் திண்ணையில் ஒரு தடவையேனும் காத்திருந்தவர்கள் அறிவார்கள்: அறுந்த சங்கிலியின் இரு முனைகளையும் பொருத்துவதற்கு முன்னர் அவர் தேடுவது நெருப்பையே. சட்டியிற் கனன்று கிடக்கும் கரி, உதட்டில் ஊதுகுழல், வெண்காரம், அரிசிமணியளவு நறுக்கிய பற்றாசு ஆகிய நான்கும் இல்லையேல் அன்று அவருக்கு வேலை இல்லை. கொல்லர் உலையிலும் இதே கதைதான். மோட்டார் வண்டி திருத்துமிடத்தில் கறுப்புக் கண்ணாடி முகமூடியோடு குந்தியிருக்கும் தொழிலாளிக்கும் நெருப்பே மூலதனம். உலோகத்தோடு உலோகத்தை ஒட்டவேண்டுமாயின் உருக்கவேண்டும், அன்றேல் உருகும் நிலையை அணுகுமளவுக்குக் காய்ச்சவேண்டும் என்பது மனிதர் பல்லாயிரம் ஆண்டுகளாகக் கைக்கொண்டுவந்த விதி.

அவ்விதிக்குப் புறம்பான ஒரு தொழில் அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்துக் கொலம்பசு நகர்ப் பகுதியில் நடைபெறுகின்றது. அங்கே அலுமினியத் தகட்டு நாடாக்களை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, அவற்றை உருக்காமலே ஒரே கட்டியாக்குகிறார்கள். அவர்கள் பயன்படுத்துவது ஒலி; அதுவும் எமது காதுக்கு எட்டாத ஒலி. கழியொலி என்று எமது பாடநூல்கள் அதற்குப் பெயர் சூட்டியுள்ளன. தாயின் வயிற்றிலுள்ள குழந்தையை வைத்தியசாலைத் திரையிற் காட்டுவதும் இவ்வினத்து ஒலியே. ஆயின் அங்கே அது மெல்லத் தடவிப் பார்க்கிறது. இங்கே அது கூலியாள் போல் உழைக்கிறது.

ஒலி எவ்வாறு உலோகத்தை ஒட்டும்? இக்கேள்வி எமக்கும் எழுந்தது. விடையைத் தேடிச் சென்றபோது, அதன் வேர் முந்நூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு பாதிரியாரின் கையில் இருக்கக் கண்டோம்.

பாதிரியாரும் ஈயப் பந்துகளும்

அவர் பெயர் ஜோன் தியோபிலஸ் டெசாகுலியே. 1683ஆம் ஆண்டில் பிரான்சிற் பிறந்தவர். புரட்டஸ்தாந்து மதத்தவர் அந்நாட்டை விட்டுத் துரத்தப்பட்ட அந்த நாட்களில், குழந்தையாயிருந்த இவரை ஒரு பீப்பாவுக்குள் ஒளித்துக் கப்பலேற்றினார்கள் என்றொரு கதை வழங்குகின்றது. மெய்யோ பொய்யோ, கேட்க நன்றாயிருக்கிறது. இங்கிலாந்தில் வளர்ந்து, குருப்பட்டம் பெற்று, நியூற்றனுக்கு உதவியாளராகி, இலண்டன் இறோயல் சங்கத்திலே அறிஞர்கள் முன்னிலையிற் பரிசோதனைகள் செய்துகாட்டும் பணியை ஏற்றார்.

1724ஆம் ஆண்டில் அவர் காட்டிய பரிசோதனைக்குத் தேவையானவை இரண்டு ஈயப் பந்துகளும் ஒரு கத்தியுமே. ஒவ்வொரு பந்திலும் ஒரு பக்கத்திற் சிறிதளவு சீவியெடுத்தார். பளபளவென்று தோன்றிய புதுமுகங்கள் இரண்டையும் ஒன்றோடொன்று வைத்துக் கையால் அழுத்தினார். அழுத்தும்போதே ஒரு முறுக்கும் முறுக்கினார். பந்துகள் ஒட்டிக்கொண்டன. ஒரு பந்தைப் பிடித்துத் தூக்க மற்றதும் கூடவே எழுந்தது. பிரிப்பதற்கு எடைகளைத் தொங்கவிட்டுப் பார்த்தபோது, அச்சிறு ஒட்டு பல இறாத்தல் பாரத்தைத் தாங்கிற்று. நெருப்பில்லை, பசையில்லை, பற்றாசுமில்லை.

இங்கே வாசகர்கள் மனத்தில் வைக்கவேண்டியது அந்த முறுக்கு. வெறுமனே அழுத்தினால் ஈயம் அவ்வளவு நன்றாக ஒட்டுவதில்லை. அழுத்திக்கொண்டே தேய்க்கும்போது, மேற்பரப்பில் எஞ்சியிருக்கும் மெல்லிய அழுக்குப் படலம் கிழிந்து விலகுகிறது. அதன் கீழ் மறைந்திருந்த தூய உலோகம் எதிரிலுள்ள தூய உலோகத்தைத் தொடுகிறது. தொட்ட இடத்தில் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. உலோக அணுக்களைச் சேர்த்துப் பிடிக்கும் பிணைப்பு, பந்தின் உள்ளே எதுவோ அதுவே அந்த ஒட்டிலும் உண்டாகிறது.

அப்படியாயின் எமது சமையலறையிலுள்ள அலுமினியச் சட்டிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாதிருப்பது ஏன்? காற்றிலுள்ள ஒட்சிசனே காரணம். அலுமினியத்தை வெட்டிய கணத்திலேயே அதன்மேல் ஒட்சைட்டுப் படலம் ஒன்று படர்ந்துவிடுகிறது. அப்படலத்தின் தடிப்பு ஒரு மில்லிமீற்றரைப் பத்து இலட்சம் கூறாக்கினால் அவற்றில் ஒரு சில கூறுகளே. ஆயினும் அது கல்லைப் போன்ற வன்மையுடையது. அலுமினியம் 660 பாகை சென்றிகிரேட்டில் உருகும். அதன் போர்வையாகிய ஒட்சைட்டோ 2000 பாகைக்கு மேலும் உருகாதிருக்கும். அலுமினியத்தைப் பற்றவைக்கத் தொழிலாளர்கள் படும் பாட்டுக்கு இந்தப் போர்வையே பெருங் காரணம். போதாக்குறைக்கு, எவ்வளவு மெருகிட்ட தகடாயினும் நுணுக்குக்காட்டியின் கீழ் மலையும் மடுவுமாகவே தெரியும். இரண்டு தகடுகளை மேலும் கீழுமாக வைத்தால், அங்குமிங்கும் சில சிகரங்கள் மாத்திரமே தொட்டுக்கொண்டிருக்கும்.

விரியாத குடை

போர்வை இல்லாவிட்டால் என்ன நேரும் என்பதை அமெரிக்க விண்வெளி விஞ்ஞானிகள் மிகுந்த வேதனையோடு கற்றுக்கொண்டார்கள். வியாழக் கிரகத்தை ஆராயக் கலிலியோ என்னும் விண்கலம் 1989ஆம் ஆண்டு ஒக்டோபர் 18ஆம் திகதி அனுப்பப்பட்டது. அதன் பெரிய அன்டெனா, குடையைப் போல மடித்து வைக்கப்பட்டிருந்தது. 18 கம்பிகள் கொண்ட குடை. 1991ஆம் ஆண்டு ஏப்ரில் மாதத்தில் குடையை விரிக்குமாறு பூமியிலிருந்து கட்டளை சென்றது. குடை அரைகுறையாக விரிந்து நின்றுவிட்டது. சில கம்பிகள் தம்மைப் பிடித்திருந்த முளைகளை விட்டு வெளிவரவில்லை.

சலெஞ்சர் விபத்தினால் 1986இல் நடக்கவேண்டிய பயணம் மூன்றாண்டுகளுக்கு மேல் பின்போடப்பட்டிருந்தது. அக்காலத்தில் விண்கலம் கலிபோர்னியாவுக்கும் புளோரிடாவுக்கும் இடையே லொறியில் ஏற்றி இறக்கப்பட்டது. நெடுந்தெருக் குலுக்கத்திலே முளைகளின்மேற் பூசியிருந்த உலர்ந்த மசகு தேய்ந்துபோயிற்று என ஆராய்ந்தவர்கள் முடிவுசெய்தனர். மசகும் காப்புப் படலமும் தேய்ந்த முகங்கள் வெற்றிடத்தில் ஒன்றையொன்று அழுத்தித் தேய்த்தால், கிழிந்த போர்வையை மீண்டும் நெய்ய அங்கே காற்று இல்லை. பாதிரியாரின் பந்துகளைப் போல உலோகம் உலோகத்தைக் கவ்விக்கொள்கிறது. குலுக்கியும், வெயிலுக்கும் நிழலுக்கும் மாறிமாறித் திருப்பியும் பார்த்தார்கள், குடை அசையவில்லை. கலிலியோ 1995 டிசம்பரில் வியாழனை அடைந்து, 2003வரை அதைச் சுற்றி அரிய செய்திகள் பலவற்றை அனுப்பிற்று. ஆயினும் அத்தனையையும் சிறிய அன்டெனா ஒன்றின் வழியாக, ஊசித் துவாரத்தால் நீர் இறைப்பது போலவே அனுப்பவேண்டியதாயிற்று.

விண்வெளியிலே வேண்டாவிருந்தாய் வந்த இந்த ஒட்டை, பூமியிலே விரும்பி அழைக்கும் வழியை வேறு சிலர் கலிலியோவுக்கு முன்னரே கண்டிருந்தனர். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், வெஸ்ற் செஸ்ரர் என்னும் ஊரில், ஏரோபுறொஜெக்ற்ஸ் என்ற நிறுவனம் இருந்தது. அங்கே ஜேம்ஸ் பைரன் ஜோன்ஸ் என்பவரும் கூட்டாளிகளும் 1950களில் கழியொலியினால் உலோகத் தகடுகளை ஒட்டும் முறையை உருவாக்கி, 1960ஆம் ஆண்டில் அதற்கு உரிமைப்பத்திரம் பெற்றனர். டெசாகுலியேயின் முறுக்கை யந்திரத்திடம் ஒப்படைத்தனர் என்று அதைச் சுருக்கிச் சொல்லலாம். பாதிரியார் ஒரு தடவை முறுக்கினார். யந்திரம் செக்கனுக்குப் பல்லாயிரந் தடவை இப்புறமும் அப்புறமும் தேய்த்தது.

அதன்பின் இம்முறை ஓசைப்படாமல் எமது வீடுகளுக்குள்ளும் நுழைந்துவிட்டது. கணிப்பொறிச் சில்லுகளிலே தலைமயிரினும் மெல்லிய அலுமினியக் கம்பிகளைப் பொருத்துவது இதுவே. கைத்தொலைபேசியின் மின்கலத்துக்குள் ஒன்றன்மேல் ஒன்றாயுள்ள செப்பு, அலுமினியத் தாள்களின் ஓரங்களைச் சேர்த்துப் பிடிப்பதும் பெரும்பாலும் இதுவே. தாளோ எரிந்துபோகுமளவுக்கு மெல்லியது. அங்கே தீக்கு வேலை இல்லை.

ஓர் அம்மையாரின் யோசனை

தகட்டோடு தகடு ஒட்டுமாயின், அதன்மேல் மூன்றாவது தகட்டையும் ஒட்டலாம், நான்காவதையும் ஒட்டலாம், ஏன், ஆயிரம் தகடுகளை ஒட்டி வேண்டிய உருவத்தையே கட்டியெழுப்பலாம் அல்லவா? சொல்லிவிட்டால் மிக எளிது. ஆயினும் ஜோன்ஸ் உரிமைப்பத்திரம் பெற்று ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் சென்ற பின்னரே அந்த யோசனை ஒரு தொழிலாக மலர்ந்தது. மலரச் செய்தவர் டோன் வைற் என்னும் பெண்மணி. மிச்சிகன் மாநிலத்து ஆன் ஆபர் நகரில் 1999ஆம் ஆண்டில் சொலிடிக்கா என்ற நிறுவனத்தைத் தொடங்கி, கழியொலியினால் பொருள்களை அடுக்கிக் கட்டும் முறைக்கு 2003இல் உரிமைப்பத்திரம் பெற்றார். பின்னர் கொலம்பசிலுள்ள எடிசன் பற்றவைப்பு நிலையம் சொலிடிக்காவோடு சேர்ந்து மிகுந்த வலுவுள்ள யந்திரத்தை உருவாக்கியது. அவ்விரண்டின் கூட்டு முயற்சியாக 2011இல் பிறந்ததே நாம் முதலிற் குறிப்பிட்ட தொழிலை நடத்தும் பாப்ரிசொனிக் நிறுவனம்.

இத்தகைய தொழில்களை இப்போது ‘முப்பரிமாண அச்சு’ என்று அழைக்கிறார்கள். அச்சு என்ற சொல் எமக்கு இங்கே அவ்வளவாகப் பொருந்தித் தோன்றவில்லை. இதைப் பார்த்தால் அச்சுக்கூடத்தின் நினைவு வராது. சுவர் கட்டும் மேசனின் நினைவே வரும்.

யந்திரத்தின் மேடையில் முதலில் ஒரு தடித்த அடித்தகட்டை முடுக்கி இறுக்குகிறார்கள். சுருளிலிருந்து அலுமினிய நாடா இறங்கி அதன்மேற் படிகிறது. நாடாவின் அகலம் ஓர் அங்குலம். தடிப்பு ஒரு மில்லிமீற்றரில் ஏறத்தாழ ஏழிலொரு பங்கு. சமையலறையில் உணவைச் சுற்றி வைக்கும் அலுமினியத் தாளைப் போலப் பத்து மடங்கு என்று கொள்ளலாம். நாடாவின் மேல் ஓர் உருக்கு உருளை பலமாக அழுத்தியபடி உருண்டு செல்கிறது. பார்வைக்கு அது வெறும் உருளைதான். தெருவுக்குத் தார் போடும்போது உருளும் உருளையின் குட்டி என்று சொல்லலாம். ஆனால் அது உருளும்போதே, தான் செல்லும் திசைக்குக் குறுக்காக, செக்கனுக்கு 20,000 தடவை அதிர்ந்துகொண்டிருக்கிறது. மனிதக் காது கேட்கக்கூடிய ஒலியின் மேலெல்லை ஏறத்தாழ அதுவே. அதிர்வின் வீச்சமோ தலைமயிரின் தடிப்பளவும் இல்லை. கண்ணால் அதைக் காணமுடியாது.

உருளையின் மேற்பரப்பு அரத்தைப் போலச் சொரசொரப்பாக ஆக்கப்பட்டிருக்கும். அது நாடாவை இறுகப் பற்றித் தன்னோடு சேர்த்து அதிரச் செய்கிறது. கீழுள்ள தகடோ அசையாது நிற்கிறது. ஆகவே தேய்ப்பு முழுவதும் இரண்டுக்கும் இடையே நிகழ்கிறது. மலைச் சிகரங்கள் நசுங்கிச் சமவெளியாகின்றன. ஒட்சைட்டுப் போர்வை நொறுங்கித் துகள்களாய்ச் சிதறுகின்றது. இடையிலே நுழையக் காற்றுக்கு இடமில்லை. தூய உலோகம் தூய உலோகத்தைக் கண்டுகொள்கிறது. உராய்வினால் ஓரளவு சூடு பிறப்பது உண்மையே. எனினும் அலுமினியத்தில் அச்சூடு உருகுநிலையின் அரைவாசியைக் கூட எட்டுவதில்லை. ஒரு துளி உலோகமும் நீராவதில்லை.

ஒரு நாடாவுக்குப் பக்கத்தில் மற்றொரு நாடா, அவற்றின்மேல் அடுத்த வரிசை. கீழ்வரிசையில் இரண்டு நாடாக்கள் சந்திக்கும் கோட்டின்மேல் மேல்வரிசையின் சந்திப்பு விழாதபடி தள்ளி வைக்கிறார்கள். செங்கல் அடுக்கும் எந்த மேசனும் இதன் காரணத்தைச் சொல்லிவிடுவான். ஓர் அங்குல உயரத்துக்கு 170 வரிசை வரையில் வேண்டும். இடையிடையே அதே யந்திரத்திலுள்ள வெட்டுங் கருவி இறங்கி, ஓரங்களைச் சீவி, துளைகளையும் வாய்க்கால்களையும் குடைந்து, உருவத்தைச் செப்பமாக்குகிறது. கட்டுவதும் செதுக்குவதும் மாறிமாறி நடைபெறுகின்றன.

எல்லாம் இனிதே நடந்துவிடவில்லை. ஆரம்ப யந்திரங்களின் வலு ஒன்றிரண்டு கிலோவாற்றுக்கு மேற் செல்லவில்லை. அவை கட்டிய துண்டுகளை அறுத்து மெருகிட்டு நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்தால், வரிசைகளுக்கிடையே ஒட்டாத இடைவெளிகள் கறுப்புக் கோடுகளாய்த் தெரிந்தன. நாடாவின் நீளவாக்கில் இழுத்தால் பலமாயிருந்த துண்டு, மேல்நோக்கி இழுத்தால் வரிசை வரிசையாய்ப் பிரியும் குணமுடையதாயிருந்தது. அடுக்கப்பட்டதை நம்பி ஓர் உயிரையோ ஓர் எந்திரத்தையோ ஒப்படைக்கலாமா என்ற ஐயம் நியாயமானதே. பின்வந்த 9 கிலோவாற்று யந்திரத்தில் உருளையின் இருபுறமும் இரண்டு அதிர்விகள் வைக்கப்பட்டன. ஒன்று தள்ளும்போது மற்றது இழுக்கும். கறுப்புக் கோடுகள் பெருமளவுக்குக் குறைந்தன. எனினும் மேல்நோக்கிய பலத்தை நீளவாக்குப் பலத்தோடு சமமாக்குவது இத்துறையில் உழைப்போரின் தலைவலியாகவே இருந்துவருகிறது.

மற்றொரு தொல்லை விநோதமானது. ஒடுங்கிய சுவரொன்றை உயரமாய்க் கட்டிக்கொண்டு போனால், அகலத்துக்கு ஏறத்தாழச் சமமான உயரத்தை அடைந்ததும் ஒட்டு நலியத் தொடங்குகிறது. ஏனெனில் அந்த உயரத்தில், சுவரே உருளையோடு சேர்ந்து ஆடத் தொடங்கிவிடுகிறது. மேலுள்ளதும் கீழுள்ளதும் ஒரே தாளத்துக்கு ஆடினால் தேய்ப்பு ஏது? தேய்ப்பின்றேல் ஒட்டு ஏது? பக்கங்களிலே முட்டுக் கொடுத்துத்தான் அதற்கு மேலே கட்டவேண்டும். உருக்குப் போன்ற வன்மையான உலோகங்களும் அலுமினியம் செம்பு போலச் சுலபத்தில் இணங்குவதில்லை. ஆகவே எல்லாவற்றையும் இவ்வழியிற் செய்யலாம் என்று விளம்பரம் செய்வோரின் பேச்சை நாம் பாதி தள்ளியே கேட்கவேண்டும். உலோகத் தூளை ஒளிக்கதிரால் உருக்கிச் சிக்கலான வடிவங்களைச் செய்யும் யந்திரங்களோடு வடிவ அழகிலே இது போட்டியிட முடியாது.

தீ அழிப்பவை

அப்படியானால் இதன் பெருமைதான் யாது? தீ எவற்றை அழிக்குமோ அவற்றை இது அழியாமற் காக்கிறது என்பதே.

அலுமினியத்தையும் செம்பையும் சேர்த்து உருக்கினால், இரண்டும் கலந்து இலகுவில் உடைந்துபோகும் சேர்வைகள் உண்டாகும். அலுமினியமும் தைத்தேனியமும் அப்படியே. உருக்காமல் ஒட்டும்போது அவை தத்தம் குணத்தோடு அயலவராய் வாழ்கின்றன. 6061 என்னும் இலக்கத்தால் அறியப்படும் பலமான அலுமினியக் கலப்புலோகம், தூளாக்கி ஒளிக்கதிரால் உருக்கினால் ஆறும்போது வெடிப்பு விடும் இயல்புடையது. நாடாவாக அடுக்கும்போது அந்தத் தொல்லையே எழுவதில்லை.

விண்வெளிக் கருவிகளுக்கு இது பயன்படத் தொடங்கியதும் இதனாலேயே. கலிலியோவை இயக்கிய அதே பசடேனா நகரத்து ஆய்வுகூடந்தான் செவ்வாய்க் கிரகத்துக்கு ஊர்திகளையும் அனுப்புகிறது. செவ்வாயில் இரவுக் குளிர் பூச்சியத்துக்குக் கீழே 80, 90 பாகை வரை இறங்கும். 2012இல் அங்கு இறங்கிய கியூரியோசிற்றி ஊர்தியில், அதன் அணுசக்தி மின்னாக்கியின் வெப்பத்தை ஒரு திரவம் குழாய்கள் வழியே ஏந்திச் சென்று கருவிகளைக் காக்கிறது. இவ்வகைக் குழாய்களை வளைத்து, உலோகத் தகடுகளிலே பசையால் ஒட்டிச் செய்வது பழைய வழக்கம். மாதக்கணக்கில் ஆகும் நுணுக்கமான வேலை. பசையோ வெப்பத்துக்கு நல்ல பாதையன்று. 2010களில் அவ்வாய்வுகூடத்தார் கொலம்பசு நிறுவனத்தோடு சேர்ந்து வேறு வழி தேடினர். தகட்டிலேயே வாய்க்காலை வெட்டி, பின்னர் அகற்றத்தக்க பொருளொன்றால் அதை நிரப்பி, மேலே நாடாக்களை ஒட்டி மூடிவிடுவது. மூடியபின் உள்ளிருப்பதை வெளியேற்றிவிடுவது. குழாயும் இல்லை, பசையும் இல்லை. தகட்டுக்குள்ளேயே நரம்பு போல வாய்க்கால் ஓடுகிறது. வேண்டிய இடத்தில் வெப்பத்தைப் பரப்ப ஒரு வரிசை செம்பையும் இடையே வைக்கலாம். இவற்றை அமுக்கத்துக்கும் அதிர்ச்சிக்கும் கடுங் குளிருக்கும் உட்படுத்திச் சோதித்துப் பார்த்தனர். அன்று ஆய்வுகூடத்தின் குடையைக் கெடுத்த அதே ஒட்டு, பின்னாளில் அவ்வாய்வுகூடத்துக்கே பணியாளாய் வந்தது.

உள்ளே ஒரு கண்ணாடி நூல்

ஆனால் எம்மை இந்தக் கட்டுரை எழுதத் தூண்டியது வாய்க்கால் அன்று. அதைச் சொல்வதற்குச் சற்றுப் பின்னோக்கிச் செல்லவேண்டும்.

கொமெற் என்னும் பெயருடைய பிரித்தானிய விமானத்தை மூத்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். பயணிகளை ஏற்றிச் சென்ற முதல் ஜெற் விமானம் அது. 1952இல் இலண்டனிலிருந்து கொழும்புக்கும் வந்துபோயிற்று. 1954ஆம் ஆண்டு ஜனவரி 10ஆம் திகதி, சிங்கப்பூரிலிருந்து புறப்பட்டு வந்த கொமெற் ஒன்று, ரோமாபுரியிலிருந்து கிளம்பிச் சிறிது நேரத்தில் எல்பாத் தீவருகே வானத்திலேயே சிதறியது. அதிலிருந்த 35 பேரும் மாண்டனர். காரணம் தெரியவில்லை. விமானங்களைச் சில வாரம் நிறுத்தி, சந்தேகப்பட்ட இடங்களையெல்லாம் திருத்தி, மீண்டும் பறக்கவிட்டனர். ஏப்ரில் 8ஆம் திகதி நேப்பிள்ஸ் அருகே மற்றொன்று விழுந்தது. மேலும் 21 பேர்.

பாண்பரோ ஆராய்ச்சி நிலையத்தார் முழு விமானம் ஒன்றையே நீர்த்தொட்டியில் அமிழ்த்தி, உள்ளே அமுக்கத்தை ஏற்றியும் இறக்கியும், பறப்பதும் இறங்குவதுமான வாழ்க்கையை அதற்கு மீண்டும் மீண்டும் கொடுத்துப் பார்த்தனர். வானிற் பறந்ததும் தொட்டியிற் பட்டதுமாக ஏறத்தாழ 3,000 தடவையில் அதன் உடல் கிழிந்தது. சன்னல் போன்ற திறப்புகளின் மூலைகளில், திரும்பத் திரும்ப விரிந்து சுருங்கியதால் உலோகம் களைத்துப்போயிருந்தது. முதல் நாள் வரை அந்தத் தகடு ஒரு குறிப்பும் காட்டவில்லை. உலோகத்துக்கு வலி உண்டு, வாய் இல்லை என்பதே அங்கே கண்ட துயரம்.

அந்த வாயைக் கொடுக்கும் முயற்சி இந்தத் தீயில்லா உலைக்களத்தில் நடைபெறுகிறது. செய்திகளைச் சுமக்கும் கண்ணாடி நூலை வாசகர்கள் அறிவார்கள். வீட்டுக்கு இணையத்தைக் கொண்டுவரும் அதே நூல். அதனுள்ளே நுண்ணிய இடைவெளிவிட்டு அடையாளங்கள் பொறித்தால், அவை ஒரு குறித்த நிறத்து ஒளியை மாத்திரம் திருப்பி அனுப்பும். நூல் மயிரிழையளவு நீண்டாலும் அடையாளங்களின் இடைவெளி மாறும். திரும்பிவரும் நிறமும் இம்மியளவு மாறும். அந்த மாற்றத்தை அளந்தால், நூல் எவ்வளவு இழுபட்டது என்பதைச் சொல்லிவிடலாம். நூலை உலோகத்தின் மேற்பரப்பில் ஒட்டி வைத்தால் காற்றும் உப்பும் அடியும் பட்டுக் கெடும். உலோகத்துக்குள்ளேயே புதைக்கவேண்டும். உருகிய அலுமினியத்தை அதன்மேல் ஊற்றினாலோ நூலின் காப்புப் பூச்சு எரிந்துபோகும். கண்ணாடியும் வெப்பத் தாக்கத்தால் நொறுங்கலாம்.

நாடா அடுக்கும் முறையில் அந்த அச்சம் குறைவு. ஒரு வரிசை முடிந்ததும் அதில் மெல்லிய வரியொன்றை வெட்டி, நூலைக் கிடத்தி, அடுத்த நாடாவை விரித்து உருளையை ஓட்டுகிறார்கள். அதிர்வினாலும் அமுக்கத்தினாலும் இளகி வழியும் உலோகம், நூலைச் சுற்றி வந்து கவ்விக்கொள்கிறது. இங்கிலாந்தின் லவ்பரோ பல்கலைக்கழகத்தார் 2000களின் முற்பகுதியிலேயே கண்ணாடி நூல்களையும், சூடேற்றினால் பழைய வடிவுக்கு மீளும் நிக்கல் தைத்தேனியக் கம்பிகளையும் அலுமினியத்துக்குள் இவ்வாறு புதைத்துக் காட்டினர். பின்னர் ஒகையோவிலும் நாசா நிலையங்களிலும் அவ்வேலை தொடர்ந்தது. உலோகத் துண்டை வளைத்தால் உள்ளிருக்கும் நூல் அந்த வளைவைச் சொல்கிறது. வெடிப்பு ஒன்று அருகே ஊர்ந்து வரும்போது, கண்ணுக்குத் தெரியுமுன்னரே இழுவை மாறுவதை அது உணர்த்தவல்லது.

இன்று பறக்கும் பயணி விமானங்களின் உடல் முழுவதும் இத்தகைய நரம்பு ஓடுகிறது என்று யாரும் நினைத்துவிடக்கூடாது. முழு இறக்கையை இப்படிக் கட்டுவதற்கு யந்திரம் இல்லை. வெடிப்பு தோன்றக்கூடிய இடமென்று முன்கூட்டியே அறிந்த சிறு உறுப்புகளில் வைத்துச் சோதிக்கும் படியிலேயே காரியம் நிற்கிறது. புதைத்த நூலைச் சுற்றியுள்ள நுண்ணிய இடைவெளியே அந்த உறுப்பை நலிவிக்குமா என்ற வினாவும் உண்டு. நோயைச் சொல்ல வைத்த நரம்பே நோய்க்கு வாயிலாகிவிடலாகாதல்லவா?

அப்படிக் கட்டி முடித்த ஒரு துண்டைக் குறுக்கே அறுத்து மெருகிட்டு, நுணுக்குக்காட்டியின் கீழ் எடுத்த படங்களை நாம் பார்த்திருக்கிறோம். சாம்பல் நிற வரிசைகளுக்கு நடுவே, ஊசி முனையாற் குத்தியது போல ஒரு சிறு வட்டம், அதுதான் நூல். வேலை செய்பவர்களுக்கு உண்மையான தொல்லை தருவது அந்த வட்டம் அன்று. பெருங் கிலோகிராம் கணக்கான அழுத்தத்தையும் 20,000 தேய்ப்புகளையும் உள்ளே கிடந்து தாங்கிக்கொள்ளும் அதே நூல், உலோகத்தை விட்டு வெளியே எட்டிப் பார்க்கும் விளிம்பில், யாரோ துண்டைக் கையிலெடுத்துத் திருப்பும்போது சட்டென்று முறிந்துவிடுகிறது. அந்த வாசலிலே ஒரு சிறு உறை மாட்டி, அதற்குள்ளால் நூலை வெளியே கொண்டுவருகிறார்கள்.